சேம்பரில் சேரலாமா? புதிதாகத் தொழில் தொடங்கியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

"சந்தா கட்டி ஒரு வருஷம் ஆச்சு, ஒரு ஆர்டர்கூட வரலை." வர்த்தக சபையில் சேர்ந்தவர்களிடம் நான் அதிகம் கேட்ட புலம்பல் இதுதான். எத்தனை கூட்டத்துக்குப் போனீர்கள் என்று திருப்பிக் கேட்டால் கொஞ்சம் யோசித்து இரண்டு என்பார்கள், அதில் ஒன்று ஆண்டு விழா விருந்தாக இருக்கும். அவர்களைக் குறை சொல்ல எனக்குத் தகுதி இல்லை, நானும் அப்படித்தான் இருந்தேன். முதல் வருடம் முழுக்க உறுப்பினர் சான்றிதழைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியதைத் தவிர வேறு எதுவும் செய்யவில்லை. இனிமேல் புதுப்பிக்கப் போவதில்லை என்று சொல்லப் போன அன்று அங்கிருந்த செயலாளர், "சரி, போறதுக்கு முன்னால ஏதாவது ஒரு துணைக்குழுவில மூணு மாசம் உட்கார்ந்து பாருங்க" என்றார். உட்கார்ந்தேன், அப்புறம் எழுந்திருக்கவே இல்லை.

இது எந்த மாதிரி அமைப்பு

வர்த்தக சபை, தொழில் வர்த்தக சங்கம், சேம்பர் ஆஃப் காமர்ஸ் என்று பெயர் பலவிதமாக இருக்கும். பேச்சில் சேம்பர் என்றுதான் சொல்கிறோம், நானும் அப்படியே எழுதுகிறேன். ஒரு ஊரிலோ வட்டாரத்திலோ தொழில் செய்கிறவர்கள், என்ன தொழில் என்று பார்க்காமல், சேர்ந்து வைத்துக்கொள்ளும் அமைப்பு அது. ஒரே தொழிலில் இருப்பவர்களுக்குத் தனிச் சங்கம் இருக்கும், அங்கே அந்தத் தொழிலின் மூலப்பொருள், கூலி, வரி இவைதான் பேச்சு. சேம்பரிலோ மருந்துக்கடைக்காரர், லாரி வைத்திருப்பவர், ஆடிட்டர், மென்பொருள் நிறுவனம் நடத்துபவர் எல்லோரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்கள். இவர்களைச் சேர்த்து வைப்பது இடம்தான். எல்லோருக்கும் ஒரே சாலை, ஒரே மின்சாரம், ஒரே உள்ளாட்சி அலுவலகம், வேலைக்கு ஆள் தேடுவதும் ஒரே மக்களிடம்.

இதை வேறு இரண்டோடு குழப்பிக்கொள்கிறார்கள். ஒன்று, ரோட்டரி போன்ற சேவைச் சங்கங்கள். 1905இல் சிகாகோவில் ரோட்டரி தொடங்கியபோது தொழில் செய்பவர்கள் பழகும் இடமாகத்தான் இருந்தது, பிறகு சமூகசேவை அதன் முதல் வேலையாகிவிட்டது. இன்னொன்று, வாராவாரம் கூடி ஒருவருக்கொருவர் வாடிக்கையாளரைக் கைகாட்டிவிடும் பரிந்துரைக் குழுக்கள். அங்கே பொதுவாக ஒரு தொழிலுக்கு ஒருவர்தான், வாரம் தவறாமல் வர வேண்டும். உங்களுக்கு உடனடியாக வேண்டியது ஆர்டர்தான் என்றால் வெட்கப்படாமல் அந்த மாதிரிக் குழுவுக்கே போங்கள், சேம்பர் அதற்கென்று அமைந்த இடமில்லை.

அப்படியானால் எதற்கென்று அமைந்தது? பழைய சேம்பர்கள் பிறந்த கதையைப் பார்த்தால் புரிந்துவிடும். உலகின் முதல் சேம்பர் என்று சொல்லப்படுவது 1599இல் பிரான்ஸின் மார்சேய் துறைமுக நகரில் உருவானது. கடல் வணிகத்தைப் பாதுகாப்பதுதான் அவர்கள் முன் இருந்த வேலை, மத்தியதரைக் கடலில் கொள்ளையர் தொல்லை இருந்த காலம் அது, தனி ஒரு வியாபாரி தன் ஒரு கப்பலை வைத்துக்கொண்டு என்ன செய்துவிட முடியும். 1768இல் நியூயார்க்கில் 20 வியாபாரிகள் ஒரு விடுதியில் கூடி ஒரு சேம்பர் தொடங்கினார்கள், வியாபாரத் தகராறுகளை நீதிமன்றம் போகாமல் தங்களுக்குள் தீர்த்துக்கொள்ள ஆரம்பத்திலேயே ஒரு குழு போட்டார்கள். கிளாஸ்கோவின் கதை இன்னும் தெளிவு: அமெரிக்க சுதந்திரப் போரால் அந்த நகரத்தைத் தூக்கி நிறுத்திய புகையிலை வியாபாரம் படுத்துவிட்டது, அடுத்து எதைச் செய்து பிழைப்பது என்ற கவலையில், நகரின் தலைமைப் பொறுப்பில் இருந்த ஒரு வணிகர் முன்னின்று 1783இல் சேம்பரைத் தொடங்கினார். மூன்று இடத்திலும் யாரும் ஆர்டர் பிடிக்கக் கூடவில்லை. தனியாளாகத் தீர்க்க முடியாத ஒரு தொல்லை எல்லோர் வாசலிலும் நின்றது, அதனால் கூடினார்கள். இன்றைக்கும் உருப்படியாக நடக்கும் சேம்பர்களில் அடிப்படை வேலை இதுதான்.

முதல் படி: உங்கள் சேம்பர் எந்த வகை என்று பாருங்கள்

உலகம் முழுக்க இரண்டு வகை இருக்கிறது. ஜெர்மனி, ஆஸ்திரியா போன்ற நாடுகளில் தொழில் தொடங்கினாலே சட்டப்படி நீங்கள் சேம்பர் உறுப்பினர்தான், விருப்பு வெறுப்பு என்பதெல்லாம் கிடையாது. ஜெர்மனியில் 1956ஆம் ஆண்டுச் சட்டம் இதைச் சொல்கிறது, பதிலுக்கு அங்கே சேம்பர்களுக்குப் பொதுப் பொறுப்புகளும் உண்டு, தொழில் பழகுநர்களுக்குத் தேர்வு வைத்துச் சான்றிதழ் கொடுப்பது அவர்கள்தான். இத்தாலியில் நிறுவனங்களின் பதிவேட்டையே சேம்பர்கள்தான் பராமரிக்கின்றன. இந்தியா, பிரிட்டன், அமெரிக்கா போன்ற நாடுகளில் சேம்பர் என்பது விரும்பியவர்கள் சேரும் தனியார் அமைப்பு, அரசு அலுவலகம் கிடையாது, உரிமம் கொடுக்காது, அபராதம் போடாது.

கட்டாய வகை என்றால் பணம் ஏற்கெனவே போய்க்கொண்டிருக்கிறது, அதனால் சேரலாமா என்ற கேள்வியை விட்டுவிட்டு நேராகப் பயன்படுத்தும் பகுதிக்குப் போய்விடலாம். விருப்ப வகை என்றால் தொடர்ந்து படியுங்கள், ஏனென்றால் அங்கே ஒரே ஊரில் இரண்டு மூன்று சேம்பர்கள்கூட இருக்கலாம், எல்லாம் ஒரே தரத்தில் இருக்காது.

இரண்டாம் படி: ஒரு வரி எழுதிக்கொள்ளுங்கள்

"நான் சேர்வது ______க்காக." இந்தக் கோடிட்ட இடத்தை நிரப்பாமல் பணம் கட்டாதீர்கள். ஏற்றுமதிக்குச் சான்றிதழ் வேண்டும், இந்த ஊரில் எனக்கு யாரையும் தெரியாது, எங்கள் தெருவில் மழைநீர் வடிகால் அடைத்துக்கொண்டு கடைக்குள் தண்ணீர் வருகிறது, ஆள் கிடைக்கவில்லை, வங்கியில் யாரைப் பார்ப்பது என்று தெரியவில்லை, எதுவானாலும் சரி. "தொழில் வளர" என்று எழுதினால் அது பதில் ஆகாது, அதைக் கிழித்துப் போட்டுவிட்டு இன்னொரு முறை எழுதுங்கள். இந்த ஒரு வரிதான் அடுத்த வருடம் புதுப்பிக்கும் நேரத்தில் கையில் எடுத்துப் பார்க்க வேண்டியது.

மூன்றாம் படி: சேரும் முன் விசாரியுங்கள்

பெரும்பாலான சேம்பர்கள் ஓரிரு கூட்டத்துக்கு விருந்தினராக வரவிடும். கேட்டுப் பாருங்கள், மறுத்தால் அதுவே ஒரு தகவல். போன இடத்தில் மேடையைப் பார்க்காமல் நாற்காலிகளைப் பாருங்கள். கூட்டம் முடிந்ததும் எல்லோரும் உடனே கிளம்பிவிடுகிறார்களா, நின்று பேசுகிறார்களா? புதிய முகம் ஒன்று ஓரமாக நிற்பதைப் பார்த்து யாராவது வந்து பெயர் கேட்டார்களா? உங்களுக்கு எதையாவது விற்கத்தான் கேட்டார்களா? மேடைப் பேச்சை வைத்து எந்த சேம்பரையும் எடைபோட முடியாது, அது எல்லா இடத்திலும் ஒரே மாதிரி நீளமாகத்தான் இருக்கும்.

அப்புறம் அலுவலகத்துக்கு ஒரு நாள் போய்ச் சில கேள்விகளைக் கேளுங்கள். போன வருடம் அரசுக்கோ உள்ளாட்சிக்கோ என்னென்ன மனு கொடுத்தீர்கள், எதற்குப் பதில் வந்தது? இதற்கு ஒரு கோப்பை எடுத்து நீட்டினால் நல்ல சேம்பர். அமைச்சருக்குப் பொன்னாடை போர்த்திய புகைப்பட ஆல்பத்தை நீட்டினால் கொஞ்சம் யோசியுங்கள். தணிக்கை செய்த கணக்கு உண்டா, உறுப்பினருக்குக் கிடைக்குமா? தலைவர் எத்தனை வருடமாகத் தலைவர்? செயற்குழுவில் சின்னத் தொழில் செய்பவர்கள் எத்தனை பேர், பெண்கள் எத்தனை பேர்? சம்பளத்துக்கு வேலை பார்க்கும் ஆட்கள் இருக்கிறார்களா, எல்லாம் ஓய்வு நேரத்தில்தான் நடக்கிறதா? கடைசிக் கேள்வியைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். தலைவர்கள் வருவார்கள் போவார்கள், ஒரு சேம்பரின் நினைவாற்றல் அதன் அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கும் செயலாளரிடமும் எழுத்தரிடமும்தான் இருக்கிறது.

பெயரைப் பார்த்து ஏமாறவும் வாய்ப்பு உண்டு. பல நாடுகளில் யார் வேண்டுமானாலும் சேம்பர் என்று பெயர் வைத்துக்கொள்ள முடிகிறது. பிரிட்டனில் இந்தத் தொல்லையால்தான் 1999இல் ஒரு சட்டமே போட்டு, அந்தப் பெயரை அனுமதி இல்லாமல் நிறுவனப் பெயராகப் பதிய முடியாதபடி செய்தார்கள். மின்னஞ்சலில் திடீரென்று உங்கள் நிறுவனம் விருதுக்குத் தேர்வாகியிருக்கிறது, பதிவுக் கட்டணம் மட்டும் கட்டினால் போதும் என்று வந்தாலோ, நீங்கள் கேட்காத வணிக டைரக்டரியில் பெயர் சேர்த்ததற்கு பில் வந்தாலோ, அதில் சேம்பர் என்ற சொல் எத்தனை பெரிய எழுத்தில் இருந்தாலும் பணம் கட்டாதீர்கள். கதவைத் தட்டிப் பார்க்க ஒரு அலுவலகமும் பேசிப் பார்க்க நான்கு உறுப்பினர்களும் இல்லாத சேம்பர் சேம்பர் ஆகாது.

நான்காம் படி: சேர்வது

இது சுலபம். விண்ணப்பம், தொழில் பதிவு ஆவணம், சில இடங்களில் ஏற்கெனவே உறுப்பினராக இருக்கும் ஒருவர் அல்லது இருவரின் முன்மொழிவு, செயற்குழு ஒப்புதல், அவ்வளவுதான். சந்தா பெரும்பாலும் ஆட்களின் எண்ணிக்கையையோ வருடாந்திர விற்றுமுதலையோ வைத்துப் படிநிலையாக இருக்கும். புதியவர்கள் மிகக் கீழ்ப்படியில் சேர்ந்தாலே போதும், வாக்குரிமை அதற்கும் உண்டா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் லோகோ பெரிதாக வரும், மேடையில் பெயர் சொல்வோம் என்று கூடுதல் பணத்துக்கு ஸ்பான்சர் திட்டங்களைக் காட்டுவார்கள். முதல் வருடம் அது வேண்டாம், முகம் தெரியாத பெயரை மேடையில் சொன்னால் யார் காதிலும் விழாது. சந்தாவைத் தொழில் செலவாகக் கணக்கில் காட்ட முடியுமா என்று ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

உறுப்பினர் பட்டியலில் உங்கள் பெயர், தொலைபேசி எண், என்ன தொழில் என்ற வரி சரியாக வந்திருக்கிறதா என்று நீங்களேதான் பார்க்க வேண்டும். பொதுவான சொற்களில் எழுதிவிட்டுப் போகாதீர்கள். "வணிக சேவைகள்" என்று இருந்தால் யாருக்கும் எதுவும் புரியாது. என்ன செய்து கொடுப்பீர்கள், யாருக்கு என்று வெளிப்படையாக இருக்க வேண்டும்.

ஐந்தாம் படி: முதல் மூன்று மாதம்

முதலில் அலுவலகத்துக்குப் போய்ச் செயலாளரோடு அரை மணி நேரம் உட்காருங்கள். உங்கள் ஒரு வரியை அவரிடம் சொல்லுங்கள். எந்தத் துணைக்குழுவில் சேரலாம், யாரைப் பார்க்கலாம் என்று அவர் சொல்வார், பல நேரம் அங்கேயே தொலைபேசியை எடுத்துப் பேசியும் விடுவார். உறுப்பினர்களில் பத்தில் ஒருவர்கூட இதைச் செய்வதில்லை என்று எனக்குத் தோன்றுகிறது, அதனால் செய்கிறவரை அவர் மறக்கவே மாட்டார்.

கூட்டங்களில் விசிட்டிங் கார்டை நோட்டீஸ் மாதிரி விநியோகிக்கிற பழக்கம் வேண்டாம். ஒரு மாலையில் மூன்று பேரோடு ஒழுங்காகப் பேசினாலே போதும். உங்களைப் பற்றிச் சொல்லும்போது இரண்டு வாக்கியத்தில் முடித்துவிட்டு அவர்களைக் கேளுங்கள்: இப்போது எதில் சிக்கல், எந்த மாதிரி ஆளைத் தேடுகிறீர்கள்? அவர் சொன்னதை வீட்டுக்கு வந்ததும் கார்டின் பின்னால் எழுதி வையுங்கள். இரண்டு நாளுக்குள் ஒரு சின்ன செய்தி அனுப்புங்கள், அதில் விலைப்பட்டியலை இணைக்காதீர்கள், அவர் தேடிய ஆள் உங்களுக்குத் தெரிந்தவராக இருந்தால் அந்தத் தொடர்பைக் கொடுங்கள். வாட்ஸ்அப் குழுவில் சேர்த்த உடனே விளம்பரம் போடுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள், அந்த எண்ணை எல்லோரும் மௌனத்தில் போட்டுவிடுகிறார்கள், அதற்குப் பிறகு அவர் உண்மையாகவே முக்கியமான ஒன்றைச் சொன்னாலும் யாரும் பார்ப்பதில்லை.

ஆறாம் படி: சேவைகளைக் கேட்டு வாங்குங்கள்

சேம்பரின் சில வேலைகள் வெளியே தெரியாது, கேட்டால்தான் கிடைக்கும்.

ஏற்றுமதி செய்பவர்களுக்கு முதலில் வேண்டியது சரக்கு எந்த நாட்டில் உருவானது என்று சொல்லும் சான்றிதழ், அதாவது சர்டிபிகேட் ஆஃப் ஆரிஜின். வாங்கும் நாட்டின் சுங்கத்துறையோ பணம் தரும் வங்கியோ அதைக் கேட்கும். இதில் இரண்டு வகை. சாதாரண வகையை உலகம் முழுக்கப் பெரும்பாலும் சேம்பர்கள்தான் கொடுக்கின்றன. நாடுகளுக்கிடையிலான ஒப்பந்தத்தால் வரிச்சலுகை கிடைக்கும் வகையை யார் கொடுப்பது என்பது நாட்டுக்கு நாடு மாறும், பல இடங்களில் அரசுத் துறையோ அரசு அங்கீகரித்த முகமையோ கொடுக்கும். எது வேண்டும் என்று வாங்குபவரிடம் முன்கூட்டியே எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். இன்வாய்ஸில் ஒரு மாதிரியும் சான்றிதழில் வேறு மாதிரியும் நிறுவனத்தின் பெயர் எழுதியிருந்தால், ஒரே ஒரு எழுத்து மாறினாலும், லெட்டர் ஆஃப் கிரெடிட்டில், அதாவது ஆவணங்கள் சரியாக இருந்தால் பணம் தருகிறோம் என்று வாங்குபவரின் வங்கி கொடுக்கும் உறுதிக் கடிதத்தில், வங்கி பணத்தை நிறுத்தி வைக்கக்கூடும், அதனால் கையெழுத்துக்குக் கொடுக்கும் முன் இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள்.

வெளிநாட்டுக் கண்காட்சிக்கு இயந்திரமோ மாதிரிப் பொருளோ எடுத்துப் போய்த் திரும்பக் கொண்டுவருகிறீர்கள் என்றால் ஏடிஏ கார்னெட் என்று ஒரு ஆவணம் இருக்கிறது, சரக்குக்கான பாஸ்போர்ட் என்பார்கள். 1961ஆம் ஆண்டு சர்வதேச ஒப்பந்தத்திலிருந்து வந்தது. அது இருந்தால் போகும் நாட்டில் சுங்கவரியோ வைப்புத்தொகையோ கட்டாமல் உள்ளே கொண்டுபோகலாம், ஒரு வருடம் வரை செல்லும். அந்தந்த நாட்டில் பொறுப்பேற்றிருக்கும் சேம்பர் அமைப்பு அதைக் கொடுக்கிறது. திரும்பி வராத பொருளுக்கு, அதாவது விற்கவோ அங்கேயே செலவழிக்கவோ போகிற எதற்கும், இது செல்லாது.

தகராறு தீர்ப்பது பழைய காலத்திலிருந்தே சேம்பரின் வேலை. 1919இல் உருவாகி பாரிஸில் தலைமையகம் வைத்திருக்கும் சர்வதேச வர்த்தக சபை 1923இலேயே ஒரு நடுவர் மன்றம் அமைத்தது, எல்லை தாண்டிய பெரிய வழக்குகள் இன்றும் அங்கே போகின்றன. சரக்கின் செலவையும் பொறுப்பையும் விற்பவர் எதுவரை ஏற்கிறார் என்று காட்ட எஃப்ஓபி, சிஐஎஃப் என்று விலைப்புள்ளியில் எழுதுகிறோமே, அந்தச் சொற்களுக்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட பொருளை 1936இல் வெளியிட்டதும் அவர்கள்தான். உள்ளூர் சேம்பர்களிலும் சமரசக் குழுக்கள் இருக்கும். ஆனால் ஒன்று, நடுவர் மூலம் தீர்த்துக்கொள்வோம் என்ற வரி ஒப்பந்தத்தில் முதலிலேயே இருக்க வேண்டும். சண்டை வந்த பிறகு எதிர்த்தரப்பு அதற்கு ஒத்துக்கொள்ளும் என்று எதிர்பார்க்காதீர்கள், பாக்கி வைத்திருப்பவருக்கு வழக்கு இழுத்துக்கொண்டே போவதுதான் லாபம்.

பயிற்சி வகுப்பு, வங்கி மேலாளரோடு சந்திப்பு, விசா பரிந்துரைக் கடிதம், வெளிநாட்டுக் குழுப் பயணம், கூட்ட அறை இவையெல்லாமும் உண்டு. இடத்துக்கு இடம் மாறும், பட்டியலைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

ஏழாம் படி: துணைக்குழுவில் உட்காருங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள். பொதுக்கூட்டத்தில் இருநூறு பேர் வருவார்கள், யாருக்கும் யாரையும் தெரியாது. துணைக்குழுவில் ஏழெட்டுப் பேர், மாதம் ஒரு முறை, ஒரு மேசை. போக்குவரத்துக் குழுவோ, வரிக் குழுவோ, திறன்பயிற்சிக் குழுவோ எதுவாக இருந்தாலும் அங்கே ஒருவர் சொன்ன வேலையைச் சொன்ன தேதிக்குள் முடித்தாரா, கோபம் வந்தால் எப்படிப் பேசுகிறார், பிறர் சொல்வதைக் கேட்கிறாரா என்பதை மற்ற ஆறு பேரும் மாதாமாதம் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். தொழிலில் நம்பிக்கை என்று நாம் சொல்வது இப்படித்தான் உண்டாகிறது, எந்தச் சிற்றேட்டாலும் உண்டாக்க முடியாது. எனக்கு சேம்பர் மூலம் வந்த வேலைகள் எல்லாமே என்னோடு குழுவில் இருந்தவர்களிடமிருந்தும் அவர்கள் கைகாட்டியவர்களிடமிருந்தும் வந்தவை, பொதுக்கூட்டத்தில் கார்டு வாங்கியவர்களிடமிருந்து ஒன்றுகூட வந்ததில்லை.

புதியவருக்கு ஒரு தந்திரம்: கூட்டக் குறிப்பு எழுதும் வேலையைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். யாருக்கும் பிடிக்காத வேலை, உடனே கொடுத்துவிடுவார்கள். குறிப்பு எழுதுகிறவர் எல்லோரிடமும் பெயர் கேட்க வேண்டும், பிறகு நகலை அனுப்ப வேண்டும், அடுத்த கூட்டத்துக்கு முன் "நீங்கள் ஏற்றுக்கொண்டது என்ன ஆயிற்று" என்று நினைவூட்ட வேண்டும். ஆறு மாதத்தில் அந்தக் குழுவில் உங்களைத் தெரியாதவர் இருக்க மாட்டார்.

எட்டாம் படி: ஒரு பிரச்சினையைக் கொண்டுபோவது

தெருவில் வடிகால் அடைப்பு என்று வைத்துக்கொள்வோம். தனியாளாக நீங்கள் உள்ளாட்சி அலுவலகத்துக்குப் பத்துத் தடவை நடந்திருப்பீர்கள். இப்போது சேம்பருக்குக் கொண்டுவருகிறீர்கள். வந்ததும் செயலாளரிடம் கொட்டித் தீர்த்துவிட்டுப் போனால் அது அங்கேயே கிடக்கும். வேறு விதமாகச் செய்ய வேண்டும்.

முதலில் எத்தனை பேருக்குப் பாதிப்பு என்று எண்ணுங்கள். ஒரு தாளில் ஐந்து கேள்வி, அந்தத் தெருவில் இருக்கும் எல்லோரிடமும், உறுப்பினர் இல்லாதவர்களிடமும் கூட: வருடத்தில் எத்தனை நாள் கடை மூடினீர்கள், என்ன சரக்கு வீணானது, எத்தனை பேருக்கு வேலை போனது, எந்த மாதம், புகைப்படம் உண்டா. இந்தத் தாள்களைக் கூட்டிப் பார்த்தால் "ரொம்பக் கஷ்டமாக இருக்கிறது" என்ற புலம்பல் ஒரு எண்ணாக மாறிவிடும். அதிகாரிக்கு அந்த எண்தான் வேண்டும், ஏனென்றால் அவர் தன் மேலதிகாரிக்கு ஒரு குறிப்பு எழுத வேண்டியிருக்கிறது, அதில் எழுத ஏதாவது இருக்க வேண்டும். அடுத்து, இது யார் கையில் இருக்கிறது என்று தெளிவாகக் கண்டுபிடியுங்கள். சாலை ஒரு துறை, வடிகால் இன்னொரு துறை, மேலே போகும் கம்பி மூன்றாவது துறையாக இருக்கும், தவறான மேசையில் வைத்த மனு வருடக்கணக்கில் பயணம் செய்யும். மனு ஒரு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம், ஒரே ஒரு கோரிக்கை. பத்துக் கோரிக்கை வைத்தால் அதில் மிகச் சுலபமான ஒன்றை முடித்துவிட்டு, நடவடிக்கை எடுக்கப்பட்டது என்று பதில் வந்துவிடும்.

கொடுத்த பிறகு ரசீது வாங்கி, தேதி குறித்து, முப்பது நாளில் நினைவூட்டல். சேம்பரின் பலம் இங்கேதான் தெரிகிறது. நீங்கள் ஒரு மாதத்தில் களைத்துவிடுவீர்கள், உங்கள் தொழிலைப் பார்க்க வேண்டும். அமைப்பு களைப்பதில்லை, அடுத்த வருடம் தலைவர் மாறினாலும் கோப்பு இருக்கும், அதிகாரி மாறினாலும் கோப்பு இருக்கும். வேலை நடந்தால் ஒரு நன்றிக் கடிதமும் போடுங்கள். குறை சொல்ல மட்டுமே வருகிறவர்களையே பார்த்துப் பழகிய அலுவலகத்தில் அந்தக் கடிதம் அடுத்த முறைக்குக் கதவைத் திறந்து வைக்கும்.

ஊருக்கு என்ன கிடைக்கிறது

சேம்பர் வியாபாரிகளின் கூடாரம், நமக்கென்ன என்று ஊரில் நினைப்பதுண்டு. மேலே சொன்ன வடிகாலைச் சரிசெய்தால் அந்தத் தெருவில் நடந்து பள்ளிக்கூடம் போகும் குழந்தைக்கும்தான் நல்லது. வேலை கேட்டு வரும் இளைஞர்களுக்கு என்ன திறன் இல்லை என்று நிறுவனங்களிடம் கேட்டு, அதைக் கல்லூரிக்கும் தொழிற்பயிற்சிக் கூடத்துக்கும் கொண்டுபோய்ப் பாடத்தையே மாற்ற வைத்த சேம்பர்கள் உண்டு. வெள்ளம், தீ போன்ற பேரிடர் வந்தால் எந்தக் கடையில் என்ன சேதம் என்று ஒரே வாரத்தில் கணக்கெடுக்க ஊரில் கையில் பட்டியலோடு இருப்பது அவர்கள்தான், யாரிடம் லாரி இருக்கிறது, யாரிடம் ஜெனரேட்டர் இருக்கிறது என்பதும் அவர்களுக்குத் தெரியும். உள்ளூரில் வாங்குங்கள் என்ற பிரசாரம் எல்லா இடத்திலும் நடக்கிறது, சும்மா பேனர் கட்டுவதை விட, ஊரின் எல்லாக் கடையிலும் செல்லும் பரிசுக்கூப்பன் போட்டு, அதை நிறுவனங்கள் தங்கள் ஊழியர்களுக்குக் கொடுக்கும்படி செய்வது நன்றாக வேலை செய்யும், பணம் வெளியே போகாமல் ஊருக்குள்ளேயே ஒரு சுற்று சுற்றுகிறது.

ஊரின் பெயரை உலகத்துக்குச் சொல்வதும் ஒரு வேலை. 1927இல் சார்லஸ் லிண்ட்பெர்க் நியூயார்க்கிலிருந்து பாரிஸுக்கு நிற்காமல் தனியாகப் பறந்தார். அந்த விமானத்தின் பெயர் ஸ்பிரிட் ஆஃப் செயின்ட் லூயிஸ். தபால் விமானியாக இருந்த அவருக்குப் பணம் திரட்டிக் கொடுத்தவர்களில் ஒருவர் ஹரோல்ட் பிக்ஸ்பி, வங்கிக்காரர், செயின்ட் லூயிஸ் சேம்பரின் தலைவர், விமானத்துக்கு அந்தப் பெயரைச் சொன்னதும் அவரே. ஊரின் பெயர் அட்லாண்டிக்கைத் தாண்டிப் போய் இறங்கியது, எந்த விளம்பரப் பலகையும் இதைச் செய்திருக்காது. உங்கள் சேம்பர் விமானம் வாங்கித் தர வேண்டியதில்லை, ஆனால் ஊரில் ஏதோ ஒன்றைச் செய்ய முயலும் இளைஞர் ஒருவர் வந்தால் அவர் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்க ஒரு மேசை இருக்கிறதா என்று பாருங்கள்.

கவனமாக இருக்க வேண்டியவை

ஒரே தொழிலில் இருப்பவர்கள் நான்கு பேர் சேம்பர் கூட்டம் முடிந்து நின்று பேசும்போது, இனிமேல் எல்லோரும் இந்த விலைக்குக் கீழே விற்க வேண்டாம் என்று யாராவது ஆரம்பித்தால் அங்கிருந்து நகர்ந்துவிடுங்கள். பேசிவைத்து விலை நிர்ணயிப்பதும், இந்தப் பகுதி உனக்கு அந்தப் பகுதி எனக்கு என்று பிரித்துக்கொள்வதும் பெரும்பாலான நாடுகளில் போட்டிச் சட்டப்படி குற்றம். நான் சும்மா பக்கத்தில் நின்றேன் என்பது பல நேரம் எடுபடாது. எதிர்ப்பைச் சொல்லிவிட்டுக் கிளம்பி, அதைக் கூட்டக் குறிப்பில் பதிவு செய்யச் சொல்லுங்கள்.

பெரிய நிறுவனங்களின் பணத்தில் ஓடும் சேம்பர்களில் சின்னவர்களின் பிரச்சினை வரிசையில் கடைசியாக நிற்கும். இது எல்லா இடத்திலும் உள்ளதுதான், கோபித்துக்கொண்டு வெளியேறுவதை விட இன்னும் ஏழெட்டுச் சின்னவர்களைச் சேர்த்துக்கொண்டு தேர்தலில் ஒரு இடம் பிடிப்பது பலன் தரும், ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கு வருகிறவர்கள் குறைவு என்பதால் பத்து வாக்குக்கூட எடை உள்ளது. கட்சி அரசியல் உள்ளே வந்துவிட்ட சேம்பரில் மட்டும் எனக்குப் பொறுமை இல்லை. ஆட்சி மாறும்போதெல்லாம் பாதி உறுப்பினர்கள் வராமல் போவார்கள், மனுக்களுக்கு மதிப்பும் போய்விடும்.

வருடக் கடைசியில்

புதுப்பிக்கும் கடிதம் வந்ததும் நீங்கள் எழுதி வைத்த அந்த ஒரு வரியை எடுங்கள். அது நடந்ததா? நடக்கவில்லை என்றால், நடக்க நீங்கள் எத்தனை முறை அலுவலகத்துக்குப் போனீர்கள், எத்தனை துணைக்குழுக் கூட்டத்தில் இருந்தீர்கள்? நீங்கள் போயும் இருந்தும் கேட்டும் ஒன்றும் அசையவில்லை என்றால் தாராளமாக விலகுங்கள். விலகும்போது சந்தா கட்டாமல் காணாமல் போகாமல், காரணத்தை நாலு வரியில் எழுதிக் கொடுங்கள். நல்ல செயலாளராக இருந்தால் அதைச் செயற்குழுவில் படிப்பார். உறுப்பினர் பட்டியலில் உங்கள் பெயரை எடுத்துவிட்டார்களா என்று ஒரு மாதம் கழித்துப் பார்த்துக்கொள்ளுங்கள், உங்கள் கடிதத்தாளிலும் பில் புத்தகத்திலும் சேம்பரின் முத்திரை இருந்தால் அதையும் நீக்கிவிடுங்கள். சுவரில் மாட்டிய சான்றிதழையும்தான்.